இருபதுக்கும் ஐந்து

காலை ஏழரை மணிக்கு வந்து உட்கார்ந்ததும் ரூட்டு சார் செய்யும் முதல் வேலை, மேசைமேல் இருக்கும் கீபோர்டின்மீது தன் நீள நோட்டை விரித்து வைப்பதுதான். கீபோர்டு கொஞ்சம் சரிவாக இருக்கும். எழுதுவதற்கு அது நல்ல வசதி. மவுஸ், மின்விசிறிக் காற்றில் தாள் புரளாமல் இருக்கப் பாரமாகப் பயன்பட்டது. திரையின் நான்கு ஓரங்களிலும் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஆறு வருடங்களாக அந்தக் கணினி அவருக்கு இப்படித்தான் உழைத்துக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால், "ஆறு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடிதான் வேலை பாக்குறேன்" என்பார். அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அது ஒரு மரச்சாமான் கம்பெனியின் கிடங்கு. முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட அலுவலகம். பின்பக்கம் கட்டிலும் சோபாவும் பீரோவும் அட்டை சுற்றி அடுக்கிய கூடம். அதற்கும் பின்னால் பதினோரு வண்டிகள் நிற்கும் முற்றம். கடையில் விற்ற சாமான் எந்த வண்டியில், எந்த வரிசையில், எந்தத் தெரு வழியாக எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முந்தின நாளே பிரித்து எழுதுவது அவர் வேலை. அதனால்தான் டிரைவர்கள் அவருக்கு ரூட்டு சார் என்று பெயர் வைத்தார்கள். வேலையில் மனிதர் கெட்டிக்காரர், அதை மறுக்கக் கூடாது. நாக்கில்தான் விஷம்.

நோட்டில் எழுதி முடித்ததும், பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்படி வாசிப்பார். அங்கே இருப்பவள் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் என்ட்ரி அக்கா. வயதானவள் என்று நினைக்க வேண்டாம், முப்பத்தாறு வயதுதான். ரூட்டு சாருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் மட்டும் அவளை அக்கா என்றோ பெயர் சொல்லியோ கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா" என்பதோடு சரி.

அன்று மூன்று மணிக்கும் அப்படித்தான் வாசிக்கத் தொடங்கினார்.

"இந்தாம்மா, அடி. மூணாம் வண்டி. முதல்ல பாலத்துக்கு அந்தப் பக்கம், மூணு கதவு பீரோ."

"சார், பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலாம் வண்டிதானே போகுது? பீரோவ மட்டும் ஏன் மூணுல போடுறீங்க?"

"உனக்கு எதுக்கு அது? சொன்னத அடி."

"தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? என் சீட்ல வந்து உக்காரப் போறியா? உன் விரலுக்குத்தான் கம்பெனி சம்பளம் தருது. மூளைக்கு இல்ல."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் விசைகளைக் கொஞ்சம் ஓங்கி அடித்தாள். அவள் இப்படிக் கேட்டது அது முதல் முறையல்ல. ஆறு வருடத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், எத்தனையோ விதமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் படிவம் வந்தது.

கிளை மேனேஜர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் எதிரே இருப்பவர் நாற்காலியைச் சரிசெய்துகொள்வார். அவர் அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். மேலே 'சுயமதிப்பீடு' என்று போட்டிருந்தது. கீழே இருபது கேள்விகள். கணினியில் அட்டவணை போடத் தெரியுமா, வரைபடத்தைப் பார்த்து வழி குறிக்கத் தெரியுமா, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தெரியுமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி: 'உங்களுக்குத் தெரியாத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை எது? அதை இங்கே யாரிடம் கற்றுக்கொள்ளலாம்?'

"அடுத்த மாசத்துலருந்து எல்லாமே புது சிஸ்டம்" என்றார் மேனேஜர். "உள்ளத உள்ளபடி எழுதுங்க. இது யாரையும் வெளிய அனுப்புறதுக்கு இல்ல."

ஒருவரும் நம்பவில்லை. வெளியே அனுப்புகிறவர்கள் எல்லோரும் இப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள் என்று கூடம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. குறைந்த மதிப்பெண் போட்டவன் பெயர்தான் முதலில் கிழிபடும் என்று ரூட்டு சார் எல்லோருக்கும் இலவசமாக எச்சரிக்கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான்கே நிமிடத்தில் இருபது கேள்விக்கும் ஐந்து போட்டார். கடைசிக் கேள்விக்கு, 'எதுவும் இல்லை. யாரும் இல்லை' என்று எழுதி, கீழே கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு பக்கத்தில் எட்டிப் பார்த்தார். என்ட்ரி அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று போட்டிருந்தாள்.

"அடப் பாவமே" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார் அவர். "ஆறு வருஷமா அந்தப் பொட்டியத் தட்டுற. உனக்கு நீயே ரெண்டா போட்டுக்கிட்ட? உன்ன வெளிய தள்ள வேற ஆளே வேணாம்."

"அட்டவணை அடிக்கத் தெரியும். போடத் தெரியாது சார். தெரியாததுக்கு எப்படி அஞ்சு போடறது?"

"பொழைக்கத் தெரியாத பொம்பள."

அவள் கடைசிக் கேள்விக்கு ஏதோ எழுதினாள். அதை அவர் பார்த்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பதினான்கு பேரில் ஒன்பது பேர் சராசரி மூன்றுக்குக் கீழே. அந்த ஒன்பது பேருக்கும் திங்கள்கிழமை முதல் மாடியில் ஆறு வாரப் பயிற்சி. முழுச் சம்பளம். பயிற்சி முடிந்ததும் புதிய திட்டமிடல் பிரிவில் வேலை. மீதி ஐந்து பேர் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்கள் ஆகையால், திங்கள் முதலே புது சிஸ்டத்தில் தனியாக வேலை பார்க்க வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் நீக்கம். இந்த இரண்டாவது பட்டியலில் முதல் பெயர் ரூட்டு சாருடையது.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, அவர் மேனேஜர் அறைக்குள் போனார்.

"சார், அந்த என்ட்ரிப் பொண்ண மேல அனுப்பிட்டா எனக்கு யாரு அடிச்சுக் குடுக்குறது?"

"உங்களுக்கு எதுக்கு ஆள்? இருபதுக்கும் அஞ்சு போட்டிருக்கீங்க."

"அது சரி சார், ஆனா..."

"ஆனா என்ன? தெரியுமா, தெரியாதா?"

அந்த இடத்தில் 'தெரியாது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கணக்குப் பிரிவுக்காரர் சொன்னார். அவரும் பயத்தில் எல்லாவற்றுக்கும் நான்கும் ஐந்துமாகப் போட்டவர்தான். ரூட்டு சார் நின்றுகொண்டிருக்கும்போதே கதவைத் தட்டி உள்ளே வந்து, "சார், பொய் போட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையைப் பிசைந்தார். மேனேஜர் பேனாவை எடுத்து, அவர் பெயரை அடித்து மாடிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ரூட்டு சார், "எனக்கு எல்லாம் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்ததோடு விட்டாரா? "மானம் கெட்டவன், அழுது பாஸாகுறான்" என்று கணக்குப் பிரிவுக்காரரைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொன்னார். இப்படிப்பட்ட மனிதரை நினைத்து எனக்குப் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அவருடைய மனைவி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நான்கு வருடங்களுக்கு முன்னால் கடையில் கணினி வந்தபோது, ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். அப்போது இவர், "இந்த வயசுல பள்ளிக்கூடம் போறியா, சிலேட்டு வாங்கித் தரவா?" என்று கேட்டதை அவள் மறக்கவில்லை. பெண்கள் இந்த மாதிரி விஷயங்களை மறப்பதில்லை, மறக்கவும் வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்தே அவள் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இருபதுக்கும் அஞ்சா?" என்றாள். "போன மாசம் கரண்ட் பில்லு கட்டத் தெரியாம அரை மணி நேரம் ஃபோனத் தடவிக்கிட்டு இருந்தீங்களே, அதுக்கு எத்தன மார்க்கு?"

"வாய மூடு."

"நாளைக்கும் நாளன்னைக்கும் லீவுதானே. உக்காருங்க, சொல்லித் தரேன். எங்க கடை சிஸ்டம் வேற, ஆனா அடிப்படை ஒண்ணுதான்."

"பொண்டாட்டிகிட்ட உக்காந்து பாடம் படிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

"அப்ப சரி" என்று அவள் எழுந்து உள்ளே போனாள். "உங்களுக்குப் பதிலா நான் வந்து அடிச்சுத் தருவேன்னு மட்டும் நினைக்காதீங்க. அதுக்கு இன்னொருத்தி இருந்தா, அவளும் தப்பிச்சுட்டா."

இரண்டு நாள் விடுமுறையும் வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் கழிந்தது.

திங்கள்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திரையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளை யாரோ உரித்துப் போட்டிருந்தார்கள். புது சிஸ்டம் திறந்திருந்தது. மறுநாளுக்கான நாற்பத்திரண்டு டெலிவரியும் கடையிலிருந்து தானாகவே வந்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் ஒரு வண்டியில் சேர்த்தால் போதும், டிரைவரின் ஃபோனுக்குப் பட்டியல் போய்விடும். ரூட்டு சார் பதினோரு மணி வரை அதை முறைத்துப் பார்த்தார். அதுவும் அவரை முறைத்துப் பார்த்தது. பிறகு வழக்கம்போல் நோட்டைத் தூக்கிக் கீபோர்டின்மேல் விரித்து, பழைய முறையில் எழுத ஆரம்பித்தார். வண்டி பிரிப்பதில் ஒரு பிசகு இல்லை. இனி அதை ஏற்ற ஓர் ஆள்தான் வேண்டும்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என்ட்ரி அக்கா மாடியிலிருந்து இறங்கும்போது, படிக்கட்டிலேயே மறித்தார்.

"இந்தாம்மா, ஒரு அரை மணி நேரம் வந்து இத ஏத்திட்டுப் போ."

"எனக்கு ஒரு மணிக்குத் திரும்ப வகுப்பு சார்."

"சாப்பாட்ட அப்புறம் பாத்துக்கலாம். வா."

"எப்படி ஏத்தறதுன்னு கேளுங்க, சொல்றேன். ஏத்தித் தரமாட்டேன்."

படிக்கட்டில் மேலேயும் கீழேயும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஆறு வருஷமா உனக்கு வேலை குடுத்தவன் நான். மறந்துட்டியா? ரெண்டு நாள் மாடில உக்காந்ததும் கொம்பு முளைச்சிருச்சா?"

"ஒரு நாள்கூட ஆகல சார், இன்னிக்குத்தான் ஆரம்பிச்சாங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "வேலை குடுத்தது கம்பெனி. நீங்க குடுத்தது வசவு. கொஞ்சம் வழி விடுங்க, பசிக்குது."

மூன்றரை மணிக்கு ரூட்டு சாருக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியபோது, இது முன்பே தோன்றாமல் போயிற்றே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். அவர் கைப்பேசியில் ஒரு வேலையை நன்றாகவே செய்வார். தினமும் காலையில் டிரைவர்கள் குழுவுக்குப் பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புவார். புது சிஸ்டத்தையும் எல்லோர் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் படம் இணைக்கும் குறியும் பச்சை அம்பும் இருந்தன. நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் டிரைவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? எதற்கு நாற்பத்திரண்டு முறை தட்ட வேண்டும்?

நிழல் விழாமல் நோட்டைச் சன்னலருகே வைத்துப் படம் எடுத்தார். இணைத்தார். பச்சை அம்பை அழுத்தினார். ஒரு பெட்டி திறந்து, 'நாளைய வாடிக்கையாளர்கள் 42 பேருக்கும் அனுப்பவா?' என்று கேட்டது. பெட்டியைப் படிக்கும் பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. பெட்டி வந்தால் 'ஆம்' என்று அழுத்துவார், அது போய்விடும். அன்றும் அழுத்தினார், போய்விட்டது. பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது.

அந்த டிக்கை மாடிப் படிக்கட்டு வரை போய்க் காட்டிவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். வீட்டுக்குப் போய், "முடிஞ்சுது. ஒரே நிமிஷம். இதுக்குத்தான் ஆறு வாரம் படிக்கிறாங்களாம்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டை வைத்தாள்.

இப்போது அந்த நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகவரி, சாமான், நேரம் எல்லாவற்றுக்கும் பிறகு 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருப்பார். கம்பெனி சாமான் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு முறை போகும், பழைய குறிப்பையெல்லாம் ஞாபகமாகத் திரும்ப எழுதுவார். 'படி வளைவு, மூன்று பேர் வேண்டும்.' 'லிஃப்ட் சின்னது, சோபாவை நிறுத்திவைத்தால் போகும்.' இவை நல்ல குறிப்புகள். 'மகா கஞ்சன், தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டான்.' 'புருஷன் பெண்டாட்டி சண்டைக்காரர்கள், சீக்கிரம் இறக்கிவிட்டு வந்துவிடு.' 'இரண்டாம் மாடி அம்மாளுக்கு எதுவும் பிடிக்காது, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடு.' இவையும் குறிப்புகள்தான். என்ட்ரி அக்கா ஆறு வருடமாக இவற்றில் முதல் வகையை மட்டும் ஏற்றி, இரண்டாவது வகையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவாள். அப்படி ஒரு வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் வந்தபோது முற்றத்தில் பதினோரு வண்டிகளும் அசையாமல் நின்றன. டிரைவர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் மூத்தவர், இருப்பதிலேயே பெரிய வண்டியை ஓட்டுகிறவர், கைப்பேசியை நீட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"பட்டியலே வரல சார். எந்த வண்டில எத ஏத்தறது?"

"நேத்தே அனுப்பியாச்சே."

"எனக்கு வந்துது. ஆனா உங்ககிட்டருந்து இல்ல. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் ஃபோன் பண்ணித் திட்டிட்டு அனுப்பி வெச்சார்." பெரிய வண்டிக்காரர் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். "இங்க பாருங்க. 'பெரிய வண்டிக்காரனுக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது, சந்துக்குள் அனுப்பாதே.' இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா சார் பின்னால எடுக்க?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே தொலைபேசி அடித்தது. அதை வைத்ததும் அடுத்தது. "யாருய்யா கஞ்சன்? உன் வீட்டுத் தண்ணியையா நான் குடிச்சேன்?" என்றார் ஒருவர். ஒரு வீட்டில் கணவன் ஒரு ஃபோனிலும் மனைவி இன்னொன்றிலுமாகச் சேர்ந்து திட்டினார்கள். சண்டைக்காரர்கள் என்று எழுதியிருந்த ஜோடி இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டது. ஒன்பது மணிக்கு இரண்டாம் மாடி அம்மாளே நேரில் வந்துவிட்டார். கட்டிலுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதோடு நிற்காமல் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்து, சுவருக்கு அடித்த நிறமும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் அறைக்கதவு சாத்தப்பட்டபோது ரூட்டு சாரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாக்கு இன்னும் அடங்கவில்லை.

"மெஷின் சரியில்ல சார். அந்தப் பொண்ணு வேணும்னே சொல்லித் தரல. படிக்கட்டுல கெஞ்சினேன்."

"கெஞ்சுனீங்களா?"

"...கேட்டேன்."

"என்ன கேட்டீங்க? சொல்லிக் குடுன்னா, ஏத்திக் குடுன்னா?"

"இப்படிக் கேள்வி கேட்டா நான் வேலைய விட்டுட்டுப் போறேன் சார். ஊர்ல வேற கம்பெனியே இல்லையா?"

"போங்க" என்றார் மேனேஜர். "நாலு கம்பெனி இருக்கு. நாலுலயும் இந்த மாதிரி சிஸ்டம்தான். அங்கயும் ஒரு படிவம் தருவாங்க. அங்கயும் அஞ்சு போடுவீங்க."

ரூட்டு சாருக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் அடைக்க வேண்டிய கடன்கள். வாசல் படி இறங்கினால் எங்கே போவது என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தார். வழி சொல்வதற்கே பெயர் எடுத்தவருக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீங்க கடைசிக் கேள்விக்கு 'எதுவும் இல்லை, யாரும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இது இன்னொருத்தர் எழுதினது. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல." நிதானமாக வாசித்தார். "'எனக்குத் தெரியாத வேலை, வண்டிக்கு வழி பிரிப்பது. அதில் ரூட்டு சாரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கேட்டால் திட்டுவார்.'"

ரூட்டு சாருக்கு அந்த மூன்று கதவு பீரோ ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு மெத்தை, அதற்கும் முன்னால் ஒரு சாப்பாட்டு மேசை. ஏன் சார், எதுக்கு சார் என்று அவள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. தன்னிடம் இருக்கும் உண்மையான கெட்டிக்காரத்தனம் எது என்று தனக்கே தெரியவில்லை, அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத இருபதுக்கு ஐந்து போட்டுக்கொண்டவர், தெரிந்த அந்த ஒன்றைக் கேட்டவளிடம் கொடுக்காமல் விரட்டியிருக்கிறார். அவமானத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

மேனேஜர் ஒரு வெற்றுப் படிவத்தை முன்னால் தள்ளினார். "சாயங்காலத்துக்குள்ள திரும்ப நிரப்புங்க. அதுக்கு முன்னாடி நாப்பத்திரண்டு பேருக்கும் ஃபோன் பண்ணி, எழுதினது நான்தான்னு உங்க பேரச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. இதுல ஒரு பொய் இருந்தாலும் நாளைக்கு வர வேண்டாம்."

மன்னிப்புக் கேட்டு முடித்தபோது பிற்பகல் மணி மூன்று. நாற்பத்திரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு, அன்று ஒரு வண்டியும் கிளம்பாத முற்றத்துக்குப் போய்ப் பெரிய வண்டிக்காரரிடமும் கேட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. முதல் முறை நான்கே நிமிடம். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று எழுதும்போது கை கூசியது. ஆனால் இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படித்தார். சில கேள்விகள் என்ன கேட்கின்றன என்றே புரியவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் 'புரியவில்லை' என்று எழுதினார். கடைசிக் கேள்விக்கு, 'தெரியாதது, மேலே உள்ள எல்லாம். கற்றுக்கொள்ள வேண்டியது என்ட்ரி அக்காவிடம். அவர் திட்டினாலும் கேட்பேன்' என்று எழுதினார்.

மேனேஜர் படித்தார். சிரிக்கவில்லை. "உங்க சீட்டு போச்சு" என்றார். "நாளைலருந்து மாடில கடைசி பெஞ்ச். ஆறு வாரம் கழிச்சு என்ன வேலைன்னு அப்ப பாக்கலாம். ரெண்டு நாள் பாடம் போயிருச்சு, அத அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. அவங்க முடியாதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஐந்து மணிக்கு வகுப்பு விட்டது. என்ட்ரி அக்கா இறங்கி வந்தபோது ரூட்டு சார் படிக்கட்டின் அடியில் நின்றார். இந்த முறை மறிக்கவில்லை, ஓரமாக நின்றார்.

"அக்கா" என்றார்.

"ஆறு வருஷம் 'இந்தாம்மா'. இப்ப அக்காவா?" அவள் நிற்காமல் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. சொல்லித் தரணும்."

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்த பார்வையில் இரக்கம் துளிகூட இல்லை. ஆறு வருடக் கோபம் ஒரே நாளில் வடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

"தெரியலன்னு சொல்றதுல என்ன சார் அவமானம்? எனக்கும்தான் பாதி தெரியாது, தெரியாதுன்னு எழுதினேன், மாடிக்கு அனுப்பிச் சொல்லித் தராங்க. தெரியாதத இன்னொருத்தி கையால செய்ய வெச்சுட்டு, தெரியும்னு உங்க பேர எழுதிக்கிட்டீங்களே, அதுதான் அவமானம். வேலை மாறிக்கிட்டேதான் இருக்கும். இன்னிக்கு இந்த சிஸ்டம், நாளைக்கு வேற ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் நமக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு நாமளே நேர்மையா பாத்துக்கிட்டாத்தான் நிக்க முடியும். அத மெஷினும் சொல்லாது, மேனேஜரும் சொல்லமாட்டார்."

"சரிம்மா."

"ஒரு மணி நேரம் நான் சொல்லித் தரேன். அடுத்த ஒரு மணி நேரம் நீங்க எனக்கு வழி பிரிக்கச் சொல்லித் தரணும். நடுவுல ஒரு தடவ திட்டினாலும் எழுந்து போயிருவேன்."

"சரி."

அவள் நேராகக் கண்ணாடித் தடுப்புக்குள் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலி இனித் தன்னுடையது இல்லை என்று ஆன பிறகு அதில் உட்காரலாமா என்று சந்தேகம்.

"உக்காருங்க. முதல்ல நீங்க சொல்லுங்க. அன்னிக்கு அந்த பீரோவ ஏன் மூணாம் வண்டில போட்டீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலாம் வண்டி மூணடி உயரம் அதிகம். பாலம் தாண்டினதும் அந்த வீட்டுக்குப் போற தெருவுல கரண்ட் வயர் தாழ்வாத் தொங்குது. சாதாரண சாமான்னா வண்டியத் தெருமுனையில நிறுத்திட்டுக் கையில தூக்கிக்கிட்டுப் போயிரலாம். பீரோவ அப்படித் தூக்க முடியாது."

"இவ்வளவுதானே. இதச் சொல்ல ஆறு வருஷமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய மேசையைக் கையால் காட்டினாள்.

"சரி, இப்ப என் முறை. முதல்ல அந்த நோட்ட எடுத்து ஓரமா வைங்க. கீபோர்டு அதுக்கு அடியிலதான் இருக்கு."